மலைச்சரிவில் மிதிவண்டி ஓட்டுவதும் ஒரு தொழில்: பிள்ளைகளிடம் முழுதாகச் சொல்வோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில், செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கரட்டடியில் மண்மேடு கட்டி மிதிவண்டியில் தாவும் சிறுவர்களின் புகைப்படம் ‘விபரீத விளையாட்டு’ என்ற தலைப்புடன் வெளியாகியிருந்தது. வேலைவெட்டி இல்லாத பிள்ளைகள் உயிரோடு விளையாடுகிறார்கள் என்றும், பெற்றோரும் காவல் துறையும் கண்டிக்க வேண்டும் என்றும் படத்துக்குக் கீழே நான்கு வரிகள் இருந்தன. அந்தப் படத்தில் முதுகு மட்டும் தெரிகிற பையன் என் தங்கையின் பேரன். நான் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் ஆபத்து இல்லை என்று வாதாடுவதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. சென்ற ஆடி மாதம் அவனுடைய இடது காறையெலும்பு முறிந்து, கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டபடி ஆறு வாரம் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். என் குறை வேறு. அந்தப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்ப்பது, மலை உச்சியிலிருந்து ஒருவன் பாய்ந்து இறங்கும் இரண்டு மூன்று நிமிடங்களை மட்டும். பெரியவர்களாகிய நாம் பார்ப்பது, அவர்கள் கீழே விழும் ஒரு கணத்தை மட்டும். இடையில் இருக்கும் தொழிலைப் பற்றி அவர்களுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

அந்தத் தொழிலுக்கு ஃப்ரீரைடு என்று பெயர். மலை மிதிவண்டியில் பல பிரிவுகள் உண்டு. டவுன்ஹில் என்ற பிரிவில் கயிறு கட்டிக் குறித்த பாதையில் யார் விரைவாக இறங்குகிறார் என்று கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். ஃப்ரீரைடில் கடிகாரமும் இல்லை, குறித்த பாதையும் இல்லை. மலையைப் பார்த்து, எந்த முகட்டில் ஏறி எந்தப் பாறையிலிருந்து குதித்து எந்தச் சரிவில் இறங்குவது என்பதை ஓட்டுபவரே தீர்மானிக்க வேண்டும். தேர்ந்தெடுத்த வழியின் கடினம், காற்றில் எழும் உயரம், வண்டி மீதான கட்டுப்பாடு, வித்தையின் நேர்த்தி ஆகியவற்றுக்கு நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். கனடாவில் வான்கூவர் நகரத்தை ஒட்டிய வடகரை மலைக்காடுகளில், எப்போதும் ஈரமாகக் கிடக்கும் சேற்றையும் விழுந்த மரங்களையும் கடக்க மரச்சட்டங்களால் ஏணிப் பாலங்கள் கட்டி ஓட்டியவர்களிடமிருந்து 1990களில் வளர்ந்த கலை இது. தொடக்கத்தில் அவர்களும் யாரிடமும் அனுமதி பெறாமல்தான் பாதை வெட்டினார்கள். ஊராரும் நில உரிமையாளர்களும் கோபப்பட்டார்கள். அதற்குப் பிறகு 1997இல் ஓட்டுபவர்களே ஒரு சங்கம் அமைத்து, நிலத்துக்குப் பொறுப்பானவர்களோடு உட்கார்ந்து பேசி, பாதைகளைத் தாங்களே பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

இந்தத் துறையின் மிகப் பெரிய போட்டி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வர்ஜின் என்ற சிற்றூரை ஒட்டிய செம்மண் பாறைக் குன்றுகளில் 2001இல் தொடங்கிய ரெட்புல் ராம்பேஜ். முதல் ஆண்டு வென்றவர் கனடாவின் வேட் சிம்மன்ஸ். இப்போதைய விதிப்படி ஒவ்வொரு வீரரும் தம்மோடு இருவரை அழைத்து வரலாம். இயந்திரக் கருவிகள் கூடாது. மண்வெட்டியும் கடப்பாரையும் மணல் மூட்டைகளும் தண்ணீரும் மட்டும் கொண்டு, போட்டிக்கு முந்தைய நாட்களில் வெயிலில் நின்று தங்கள் வழியைத் தாங்களே செதுக்க வேண்டும். உலகம் பார்க்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்குப் பின்னால் பல நாள் மண்வேலை இருக்கிறது. நம் ஊரில் கண்மாய்க் கரையைக் குடிமராமத்து செய்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

என் தங்கை பேரனும் அப்படித்தான் செய்கிறான் என்பதைத் தங்கள் செய்தியாளர் கவனித்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் படம் வெளிவந்த மறுநாள் அதிகாலையில் நானே அங்கே போய் நின்றேன். மூன்று பையன்கள் சாந்துச் சட்டியில் செம்மண் சுமந்து வந்து கொட்டினார்கள். ஒருவன் பிளாஸ்டிக் குடத்திலிருந்து கையால் தண்ணீர் தெளித்தான். இவன் மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டி மேட்டின் உதட்டை இறுக்கினான். பிறகு தன் அம்மாவின் கோலப்பொடி டப்பாவைத் திறந்து, எதிர்ச்சரிவில் முன்சக்கரம் தொட வேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்தான். கோட்டுக்கு முன்னால் இறங்கினால் மேட்டின் தலையில் மோதும், தாண்டி இறங்கினால் சமதரையில் விழுந்து முதுகு வாங்கும் என்று விளக்கினான். “தாத்தா, குதிக்கிறது ஒண்ணுமில்ல, இறங்குறதுதான் எல்லாம்” என்றான். நான் வகுப்பில் நீளம் தாண்டுதலுக்கு ஆண்டாண்டாகச் சொல்லிக் கொடுத்த பாடத்தை, யாரும் சொல்லித் தராமல் இவன் கண்டுபிடித்திருக்கிறான். விழும் உடலின் வேகத்தைச் சரிவு தன்னோடு அழைத்துச் சென்று மெல்ல மெல்லக் கரைக்கும். சமதரையோ மொத்த வேகத்தையும் ஒரே அடியில் எலும்புக்குள் இறக்கும். யூட்டாவின் உலக வீரர்கள் நாள் கணக்கில் மண்வெட்டி பிடிப்பதும் பெரும்பாலும் இந்த இறங்குசரிவுக்காகத்தான்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் ஓட்டுவது பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. கேரியரையும் மட்கார்டையும் கழற்றியிருக்கிறான். அந்த வண்டி பள்ளிக்குப் போய்வரச் செய்யப்பட்டது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. தாவுவதற்கு அது பிறக்கவில்லை. ஹேண்டில்பார் தண்டு நுழையும் குழாய் சட்டத்தோடு சேரும் பற்றவைப்பில் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தேன். மயிரிழை போல ஒரு கீறல் விரலுக்குத் தட்டுப்பட்டது. அது ஒருநாள் பாதி வானில் பிளக்கும். அன்றைக்கே வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன், அவனும் கேட்டுக்கொண்டான். தலையில் அவன் போட்டிருந்தது மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். வெறுந்தலைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கழுத்துக்குப் பாரம், கீழ்ப்பார்வையையும் மறைக்கும். தொழில்முறை வீரர்களின் வண்டியில் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கி எழும் சஸ்பென்ஷன், திரவ அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக், மேலும் கீழும் இரட்டைப் பிடி கொண்ட முன்ஃபோர்க் எல்லாம் உண்டு. அவற்றின் விலை பல லட்சம் ரூபாய். இந்த இடைவெளியை அறியாமல் கைப்பேசிக் காட்சியைப் பார்த்து அதே பாய்ச்சலுக்கு முயல்வதுதான் உண்மையான ஆபத்து. ‘விபரீதம்’ என்ற ஒரு சொல் அதை எந்தப் பிள்ளைக்கும் கற்றுக் கொடுக்காது.

இது ஒருவருக்குச் சோறு போடும் தொழிலா என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி, நேர்மையான விடை அவளுக்குத் தரப்பட வேண்டும். கனடாவின் பிரண்டன் செமெனுக் ராம்பேஜை முதன்முதலில் வென்றது 2008இல், தமது 17ஆம் வயதில். பிறகு 2016, 2019, 2021 ஆகிய ஆண்டுகளிலும், ஐந்தாவது முறையாக 2024இலும் வென்றார். அமெரிக்காவின் கேம் சிங்க் 2010இல் வென்றவர், 13 ஆண்டு கழித்து 2023இல் தமது 37ஆம் வயதில் மீண்டும் வென்றார். ஆக, இது இருபது வயதில் பொங்கி இருபத்தைந்தில் அடங்கிவிடும் விளையாட்டு என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர்களுடைய வருமானம் பெரும்பாலும் பரிசுத் தொகையிலிருந்து வருவதில்லை. மிதிவண்டி, டயர், ஹெல்மெட், உடை, பானம் ஆகியவற்றை விற்கும் நிறுவனங்களோடு ஆண்டுதோறும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களிலிருந்தும், ஒளிப்பதிவாளர்களோடு மாதக்கணக்கில் மலைகளில் தங்கி எடுக்கும் காட்சிப் படங்களிலிருந்தும் வருகிறது. காயம் பட்டால் ஒப்பந்தம் நீளும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மாதச் சம்பளமோ வருங்கால வைப்பு நிதியோ ஓய்வூதியமோ இல்லை.

இதை எழுதும்போது என் சிறுவயதில் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் மந்தைக்கு வந்த சைக்கிள் வித்தைக்காரர் நினைவுக்கு வருகிறார். ஏழு நாள் கீழே இறங்காமல் மந்தையைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். ஓட்டிக்கொண்டே குளித்தார், ஓட்டிக்கொண்டே சாப்பிட்டார், மார்பில் டியூப்லைட்டை உடைத்துக் காட்டினார். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். பெரியவர்கள் சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்தினார்கள். எட்டாம் நாள் காலையில் அவரை இருவர் தாங்கிப் பிடித்து இறக்கியபோது கால்கள் இரண்டும் வளைந்தபடியே நின்றன. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவரும் தொழில்முறை மிதிவண்டி வீரர்தான். அடுத்த ஊரில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்த்திருப்பார்கள் என்று ஐம்பது ஆண்டு கழித்து இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆபத்தின் கதையையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். 2013 ராம்பேஜில் நியூசிலாந்தின் கெல்லி மெக்கேரி 72 அடி அகலப் பள்ளத்தாக்கைப் பின்னோக்கிப் பல்டி அடித்தபடி தாண்டினார். பெரியார் பேருந்து நிலையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு நகரப் பேருந்துகளின் நீளம் அது. அந்தக் காட்சியை எங்கள் தெருப் பிள்ளைகள் அனைவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே போட்டியில் 2015இல் அமெரிக்காவின் பால் பாசகோய்டியா தரையிறங்கும்போது விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார் என்பது அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. நீண்ட அறுவை சிகிச்சைக்கும் பல ஆண்டுப் பயிற்சிக்கும் பிறகு அவர் ஓரளவு நடக்கப் பழகினார். தொழில்முறை வாழ்க்கை அன்றோடு முடிந்தது. மறு ஆண்டு முதல் போட்டியின் இடமும் நடைமுறையும் மாற்றப்பட்டன. நான் இதைச் சொன்ன அன்று என் பேரன் இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மேட்டின் உயரத்தை முழங்கால் அளவு குறைத்திருந்தான். எந்தக் கண்டிப்பும் செய்யாத வேலையை ஓர் உண்மைச் செய்தி செய்தது.

கண்டிப்பைப் பற்றி எனக்குப் பேசும் தகுதி உண்டு. திருமங்கலம் வட்டாரத்தில் நான் பணியாற்றியபோது, கண்மாய்க் கரையில் இதே போல மேடு கட்டிய மாணவன் ஒருவன் இருந்தான். ஓட்டத்தில் சுமார், பந்தாட்டத்தில் ஆர்வமில்லை. ஆனால் மிதிவண்டியில் ஏறிவிட்டால் அவன் உடலுக்கு இருந்த சமநிலையைப் போல நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. ஒரு மாலை அந்த வழியாக வந்த நான் அவனைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் திட்டினேன். அதோடு விடாமல் அந்த மேட்டைக் காலால் உதைத்துச் சரித்தேன். ஈரமண் என் செருப்பில் ஒட்டிக்கொண்டது. அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை; சரிந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன்பின் உடற்கல்வி வகுப்புக்கு அவன் வரும் நாட்கள் குறைந்தன. பத்தாம் வகுப்போடு திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவன் உலக வீரன் ஆகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. ஒரு விளையாட்டு ஆசிரியனாக, அவனிடம் இருந்த திறமைக்கு எந்தப் பெயர், எந்த வழி, எவ்வளவு ஆபத்து என்று விசாரித்துச் சொல்வது என் கடமையாக இருந்தது. நான் அதைச் செய்யவில்லை.

வழி முற்றிலும் இல்லாமல் இல்லை. ஃப்ரீரைடு ஒலிம்பிக்கில் இல்லை. ஆகவே அரசு ஊக்கத்தொகையையோ விளையாட்டு ஒதுக்கீட்டையோ அதை நம்பி எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதன் உடன்பிறப்புகள் இருக்கின்றன. காட்டுப்பாதையில் ஓடும் கிராஸ்கன்ட்ரி 1996 அட்லாண்டா ஒலிம்பிக் முதலே இருக்கிறது. சிறு சக்கர மிதிவண்டியில் வித்தை காட்டும் பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல், டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. டவுன்ஹில் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நடந்தது. 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிச் சாம்பியன் போட்டி நடந்தது வேறு எங்கோ இல்லை, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள பொன்முடியில். மதுரையிலிருந்து ஒரு பகலில் போய்ச் சேரக்கூடிய இடம். எங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்கும் அப்படி ஒன்று நடந்தது தெரியவில்லை. அமெரிக்கப் பாலைவனத்தில் நடப்பதை அறிந்தவர்களுக்கு அடுத்த மாநிலத்தில் நடப்பதைச் சொல்ல ஆளில்லை. தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கம் அந்தக் குறையைப் போக்கலாம். ஃப்ரீரைடு வீரனாகவே ஆகவேண்டும் என்று நிற்பவனும் முதலில் இந்தப் போட்டிகளில் ஓட்டிப் பழகட்டும். கூடவே வண்டி பழுது பார்ப்பதையும், ஒளிப்பதிவையும், பாதை அமைக்கும் மண்வேலையையும் கற்றுக்கொள்ளட்டும். இந்தத் தொழிலைச் சுற்றி நின்று பிழைப்பவர்கள் அந்த வேலைகளைச் செய்பவர்கள்தாம்.

பெண் பிள்ளைகளை நான் மறக்கவில்லை. ராம்பேஜில் பெண்களுக்குத் தனிப் பிரிவு 2024இல்தான் தொடங்கியது. நியூசிலாந்து ராணுவத்தில் பணியாற்றிய ராபின் கூம்ஸ் அதில் வென்றார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றபோது ஊரார் பேசிய பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. கரட்டடியில் இப்போது மண் சுமக்கும் மூவரோடு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் வந்து நிற்கிறாள். இன்னும் வண்டியைத் தொடவில்லை, கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறாள்.

இனி இடத்தைப் பற்றி. சமணர் மலையிலும் யானைமலையிலும் அரிட்டாபட்டியிலும் ஒரு சக்கரமும் உருளக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஈராயிரம் ஆண்டுக் கல்வெட்டும் கற்படுக்கையும் இருக்கும் பாறைகள் அவை. அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். வனத்துறையின் காட்டுக்குள்ளும் அனுமதியின்றி நுழையக் கூடாது; 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டதை நாம் மறக்க முடியாது. அதன்பின் மலையேற்றத்தையே நிறுத்திவிடாமல், 2024இல் நாற்பது பாதைகளைக் குறித்து, வழிகாட்டியோடு போகலாம் என்று அரசு முறைப்படுத்தியது. அதே அணுகுமுறையைத்தான் கேட்கிறேன். கல்லும் மண்ணும் எடுத்து முடித்துக் கைவிடப்பட்ட சரளைக் காடுகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றில் நீர் தேங்காத, சரிவு உள்ள ஒரு புறம்போக்கை மாவட்ட நிர்வாகம் பிள்ளைகளுக்குக் குறித்துக் கொடுத்தால் போதும். கனடாவில் செய்ததைப் போல ஒரு சங்கம் அமைத்துப் பராமரிக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

ஆபத்தான விளையாட்டை எப்படி நடத்துவது என்று மதுரைக்காரர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் அவனியாபுரத்திலும் வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்கிறோம், இரட்டைத் தடுப்புக் கட்டுகிறோம், விழுபவர் எலும்பு முறியாதிருக்க வாடிவாசலுக்கு முன்னால் தென்னை நார்க் கழிவைக் கொட்டிப் பரப்புகிறோம், ஆம்புலன்ஸை வாசலிலேயே நிறுத்துகிறோம். 2024 ஜனவரியில் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே ஓர் அரங்கமும் திறந்தோம். மாட்டின் முன்னால் நிற்பவனுக்குச் செய்வதில் கால்வாசியை, மிதிவண்டியில் தாவுபவனுக்கும் செய்யலாம். வெளிநாட்டில் புதிய வித்தையை மண்ணில் முயல்வதற்கு முன் பஞ்சுக் குழியிலும் காற்றுப் பைகளிலும் விழுந்து பழகுகிறார்கள். நம்மிடம் நார்க்கழிவுக்குப் பஞ்சமா என்ன?

பட்டா நிலத்துக்காரரிடம் நான் பேசிவிட்டேன். மானாவாரி உழவு தொடங்கும் வரை கரட்டடியைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். ஞாயிறுதோறும் காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை முதலுதவிப் பெட்டியோடு நான் அங்கே இருப்பேன். ஹெல்மெட் இல்லாதவனை ஏறவிடுவதில்லை, பற்றவைப்பில் கீறல் விட்ட வண்டியை ஓடவிடுவதில்லை. தங்கள் செய்தியாளர் ஒரு ஞாயிறு வந்து, வெயில் ஏறும் வரை பிள்ளைகள் மண் சுமப்பதையும் சேர்த்துப் படம் எடுத்து, முன்பு வெளியிட்ட அதே இடத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.